ஒரே ஒரு படி

மெதுவாங்க, முழங்கால் இடிக்குது. எனக்கில்லைங்க, இந்த டப்பாவுக்கு. கொஞ்சம் ஜன்னல் பக்கமா ஒதுங்கி உக்காந்தீங்கன்னா மடியில நேரா வச்சுக்குவேன். சாய்ச்சு வைக்கப்படாது, உள்ளாற ஃபேன் ஒண்ணு அரைக் கிலோ வெயிட்டுக்குத் தொங்குது. பெட்ஷீட் சுத்திக் கொண்டாந்ததைப் பாத்துட்டு, பழைய துணியான்னு கேக்கறான் கண்டக்டர். கம்ப்யூட்டர்ப்பான்னேன். அப்ப லக்கேஜ் டிக்கெட் எடுன்னான். பின்னாடி ஒரு அம்மா கூடையில கோழி வச்சிருக்குது, அதுக்கும் அதே டிக்கெட். சீன்னு போச்சுங்க. இந்த ஊர்ல ஒரு பொருளோட மதிப்புத் தெரிஞ்ச ஆளு ஒருத்தனும் கிடையாது.

நீங்க லேப்டாப் பை வச்சிருக்கறீங்க, அதனால உங்ககிட்டச் சொல்றேன். திருப்பூர்தானுங்களே? நானும் அங்கதான். என்ற பேரு தெய்வசிகாமணி. இருகூர்ல வீடு. இருபத்தாறு வருசம் நூல் மில்லுல ஃபிட்டரா இருந்தேன். இப்ப இல்லை. யாரும் அனுப்பலை, நானா எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.

புதுசா ஒரு மேனேஜர் வந்தானுங்க. நூல் சுத்தற ஸ்பிண்டில் நிமிசத்துக்குப் பதினாறாயிரம் சுத்து சுத்திக்கிட்டிருந்துச்சு. வந்த ரெண்டாம் நாளே அதைப் பதினெட்டரை ஆயிரத்துக்கு ஏத்துன்னான். ஐயா, மிஷின் சுத்தும், நூல் தாங்காதுன்னேன். போர்டுல புரொடக்சன் நம்பர் ஏறுதா இல்லையா, அதை மட்டும் பாருன்னான். ஏறுச்சுங்க. நம்பர் நல்லா ஏறுச்சு. நூல் பொட்டுப் பொட்டுன்னு அறுந்துச்சு. அறுந்ததை ஒட்டறதுக்கு வேலை செய்யற பொண்ணுக மிஷினுக்கு மிஷின் ஓடி ஓடிக் கால் வீங்கிப் போச்சுக. கடைசியில நூல் தரம் இல்லைன்னு வாங்கினவங்க திருப்பி அனுப்பினப்ப, பொண்ணுகளுக்குக் கவனம் பத்தலைன்னு எழுதி வச்சான் பாருங்க. நம்பருக்காக நூலைக் கொல்றவன் என்ன மனுசன்? இன்னைக்கும் சோத்துல கை வைக்கறப்ப அவன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சுன்னா தட்டைத் தள்ளி வச்சிருவேன். அதை விடுங்க.

இந்தக் கம்ப்யூட்டர் என்ற சம்சாரத்தோடது. கோகிலவாணி. சீட்டுப் போட்டுச் சேத்து, பார்ட்டு பார்ட்டா வாங்கிப் பூட்டினது. அவ எம்பிராய்டரி பஞ்சிங் பண்றா. அதாவது, சட்டையில பூவு, பொம்மை எல்லாம் மிஷின் தைக்குதல்ல, அந்த ஊசி எங்க குத்தணும், எங்க திரும்பணும், எங்க நூலை வெட்டணும்னு கம்ப்யூட்டர்ல புள்ளி புள்ளியாச் சொல்லிக் கொடுக்கற வேலை. அதை ஒரு ஃபைலா எடுத்துக் கொடுத்தா மிஷின் அப்படியே தைக்கும். மூணு வருசமா நடு ஆளு ஒருத்தன் மூலமா வேலை வாங்கிச் செஞ்சுக்கிட்டிருந்தா. பேரு அவனுக்கு, கண்ணு வலி இவளுக்கு.

இந்தப் பங்குனியில ஊர்க் கோயில் நோம்பிக்கு அவ தம்பி திருமூர்த்தி ஒறம்பரையா விருந்துக்கு வந்தான். வால்பாறையில எஸ்டேட் ஆபீஸ்ல இருக்கறான். நல்ல பையன்னு ஊரெல்லாம் சொல்லும். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டிருப்பான். வந்தவன் நோம்பிச் சோத்தைத் தின்னுட்டுப் போக வேண்டியதுதானே. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, மாமா, இதுக்கு ஒரு பெஞ்ச்மார்க் ஓட்டிப் பாக்கலாமான்னான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கம்ப்யூட்டருக்குப் பரீட்சை வைக்கறது. பத்து நிமிசம் கணக்கு மேல கணக்காக் கொடுத்து அதை மூச்சு வாங்க வச்சுட்டு, கடைசியில ஒரு மார்க் போடும். எங்களுது ஏழாயிரத்து எண்ணூத்தி நாப்பது வந்துச்சு. பரவாயில்லையேன்னு நினைச்சேன். அவன் சிரிச்சுக்கிட்டே சொல்றான், எங்க வீட்டுல இதே பிராசஸர்தான் மாமா, எட்டாயிரத்து அறுநூத்திப் பத்து வருதுன்னு.

எப்படி வருமுங்க? ஒரே பிராசஸர். ஒரே விலை. ஏத்தி விட்டிருக்கேன் மாமா, ஓவர்கிளாக்னு பேருன்னான். கம்பெனிக்காரன் வேகத்தைக் கொஞ்சம் கம்மியாத்தான் வச்சு விப்பானாம், நாம அதை ஏத்திக்கலாமாம். கம்ப்யூட்டரைப் போட்ட உடனே டெலீட் பட்டனை டக்டக்குன்னு அமுக்கினா பயாஸ்னு ஒரு பக்கம் வருது. அங்க பிராசஸருக்கு ஒரு எண்ணு, கணக்கை நினைப்புல வச்சுக்கற ராமுக்கு ஒரு எண்ணு, வோல்டேஜுக்கு ஒரு எண்ணு. ஒரு படி ஏத்து, சூடு பாரு, சோதிச்சுப் பாரு, அப்புறம் அடுத்த படி. அவ்வளவுதான் வித்தை. இருபத்தாறு வருசம் மிஷினுக்கு ஸ்பேனர் போட்டவனுக்கு இதென்ன பெரிய சமாச்சாரம்?

போறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போனான். ஒவ்வொரு படிக்கும் நாள் பூரா ஓட விட்டுச் சோதிக்கணுமாம், முக்கியமா ராமுக்கு. பத்து நிமிச மார்க்கை நம்பாதீங்க மாமா, ராம் தப்புப் பண்ணினா வாயைத் திறக்காது, எங்கியோ ஒரு எண்ணைச் சத்தமில்லாம மாத்தி வச்சிட்டுக் கமுக்கமா இருக்கும்னான். எனக்கு உடனே புரிஞ்சு போச்சு. ஒவ்வொரு படிக்கும் நான் நாள் பூராக் காத்துக் கிடந்தா அவன் மார்க்கை எப்ப எட்டறது? எட்டப்படாதுன்னுதான் சொல்றான். சிரிச்சுக்கிட்டே சொல்றவனை நம்பப்படாதுங்க.

சித்திரை பொறந்துச்சு. எங்க வீடு கான்கிரீட் வீடு, மத்தியானத்துல தரையில கால் வைக்க முடியாது. நான் பிராசஸரை நாலு படி ஏத்தினேன். அது தொண்ணூத்தஞ்சு டிகிரிக்குப் போயித் தானா வேகத்தைக் குறைச்சுக்குது. சூட்டை இறக்கப் பிராசஸர் மேல ஒரு பேஸ்ட் தடவணும். பட்டாணி அளவு போதும்னு போட்டிருந்துச்சு. பட்டாணி அளவு எந்த மூலைக்குங்க? பேரிங்குக்குக் கிரீஸ் அப்பற மாதிரி நல்லா அப்பினேன். இன்னும் ரெண்டு டிகிரி ஏறிடுச்சு. டூப்ளிகேட் பேஸ்ட். எல்லாத்துலயும் டூப்ளிகேட். பக்கத்து மூடியைக் கழட்டிட்டு, அவ உக்காந்து வேலை செய்யற இடத்துல இருந்த ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வச்சேன். வேர்த்து ஊத்துதுங்கன்னா. உனக்கு வேர்த்தா நீ துடைச்சுக்கலாம், அதுக்கு யார் துடைக்கறதுன்னேன். துண்டை நனைச்சுக் கழுத்துல போட்டுக்கிட்டு உக்காந்தா.

அப்படியும் எட்டாயிரத்து நானூறுக்கு மேல வரலை. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. அவன் இருக்கறது வால்பாறை. வெளிய மழை, உள்ள குளிரு. மலை உச்சியில உக்காந்துக்கிட்டு மார்க் காட்டறான். அவன் மார்க்குல பாதி மலை வாங்கின மார்க்குங்க. போன் பண்ணி இதைச் சொன்னேன். ஆமா மாமா, உண்மைதான், இங்க குளிரு நல்லாவே உதவி பண்ணுதுன்னு ஒத்துக்கிட்டான். வெக்கமே இல்லாம ஒத்துக்கிட்டான். அவன் ஒத்துக்கிட்டது எனக்கு இன்னும் அருவருப்பாப் போச்சு. சண்டை போட்டிருந்தாக்கூட மனுசன்னு மதிச்சிருப்பேன்.

இது சூலூருங்களா? இன்னும் பல்லடம் போகணும். டிரைவர் ஒவ்வொரு பள்ளத்தையும் தேடிப் போயி விடறான் பாருங்க. கையை இப்படிக் கொஞ்சம் முட்டுக் கொடுங்க. போதும், போதும்.

நடுவுல ரெண்டு தடவை அவ வேலை செய்யறப்ப நீலத் திரை வந்து கம்ப்யூட்டர் நின்னு போச்சு. ஒரு தடவை அரை நாள் வேலை போச்சுன்னா. கரண்டு ஏறி இறங்குது, நம்ம கையில என்ன இருக்குதுன்னு சொன்னேன். மூஞ்சியைப் பாத்தா. ஃபேனைப் பாத்தா. மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சா.

அப்பத்தான் அவளுக்கு இந்தத் திருப்பூர் ஆர்டர் வந்துச்சு. நடு ஆளு இல்லாம, ஒரு பனியன் கம்பெனியில நேரா அவளையே கூப்பிட்டுக் கொடுத்தது. சின்னப் புள்ளைகளோட சட்டையில நெஞ்சு மேல ஒரு மயிலு. இருபத்திரண்டாயிரம் குத்து. நாலு சைஸு, நாலு ஃபைலு. இது சரியா வந்துச்சுன்னா வருசம் பூரா அவங்க வேலை இவளுக்குத்தான். கம்பெனிக்குப் போயிட்டு வந்தவ அன்னைக்குச் செருப்பைக் கூடக் கழட்டாம வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னா. ஏனுங்க, நான் இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லை, இந்தப் பத்து நாளைக்கு மட்டும் கம்ப்யூட்டரைத் தொடாதீங்கன்னா. சரின்னேன்.

தொடலைங்க. ஒம்பது நாள் தொடலை. பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு, ஆனாலும் தொடலை. அவ மயில் கழுத்துல ஒவ்வொரு குத்தா வச்சுக்கிட்டிருந்தா. நீலத்துல இருந்து பச்சைக்கு நூல் மாறற இடமே தெரியப்படாதாம். அதுக்கே மூணு நாள். நானும் பின்னாடி நின்னு பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லப்படாது, நல்லா இருந்துச்சு.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. எல்லாம் முடிச்சுட்டா. கோயிலுக்குப் போயிட்டு வந்து நாலு ஃபைலையும் எடுத்துக்கறேன்னு போனா. வேலைதான் முடிஞ்சு போச்சே, இனி என்ன? பிராசஸரை ஏத்தினா சூடாகுது, சரி, ராமை ஏத்தினா? ஒரு படி ஏத்தினேன். எட்டாயிரத்து ஐநூத்தி எழுபது. இன்னொரு படி. பத்து நிமிசம் ஓடுச்சு. எட்டாயிரத்து அறுநூத்தி ஐம்பத்தஞ்சு. மலையைத் தாண்டிட்டேனுங்க. இருகூர் வெயில்ல, சித்திரை மாசத்துல. திரையைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரங்க குரூப்ல போட்டேன். திருமூர்த்தி கையைக் கும்பிடற பொம்மை அனுப்பிச்சு, சூப்பர் மாமா, ராம் சோதிச்சீங்களான்னு கேட்டிருந்தான். வயித்தெரிச்சல். பதிலே போடலை.

அவ வந்தா, திருநீறு வச்சு விட்டா, உக்காந்து நாலு ஃபைலையும் எடுத்துப் பென்டிரைவ்ல போட்டா. நீலத் திரை வரலை. ஒரு சிக்கலும் வரலை. வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. இன்னைக்கு வேகமா இருக்குதுங்கன்னு அவளே சொன்னா. அதைக் கேட்டப்ப எனக்கு எவ்வளவு நிறைவா இருந்துச்சு தெரியுமுங்களா.

திங்கக்கிழமை கம்பெனியில இருந்து போனு. ரெண்டு பேரும் போனோம். மிஷின் ஒண்ணுக்கு இருபது தலை, ஒரே நேரத்துல இருபது சட்டை தைக்கும். சின்ன சைஸை ஒரு பீஸ் அடிச்சுப் பாத்திருக்கறாங்க, அழகா வந்திருக்குது. அதை நம்பி மூணாவது சைஸை மூணு மிஷின்ல ஏத்தி விட்டுட்டாங்க. கழுத்துல, நீலம் பச்சையா மாறற அந்த இடத்துல, ஊசி வழி மாறிச் சட்டைக்குக் குறுக்கால போயி, ஊசியும் முறிஞ்சு போச்சு. மேசை மேல அறுபது சட்டையை விரிச்சு வச்சிருந்தாங்க. அறுபது மயிலுக்கும் ஒரே இடத்துல கழுத்து அறுந்திருந்துச்சு. அடுத்த வாரம் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு. அந்தக் கலர்ல துணி வேற இல்லையாம்.

சூப்பர்வைசர்னு ஒருத்தன், வாயில பாக்கை ஒதுக்கிக்கிட்டு, இதுதான் உங்க வேலையாம்மான்னு கேக்கறான். பேசப் பேசச் சட்டை மேலயே எச்சில் தெறிக்குது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. கோகிலவாணி ஒவ்வொரு சட்டையாத் தொட்டுப் பாத்துக்கிட்டு நின்னா. நான் விடுவனுங்களா? மிஷினை எவ்வளவு ஸ்பீடுல ஓட்டறீங்கன்னு கேட்டேன். புரொடக்சனுக்காக ஸ்பீடை ஏத்தி வச்சுட்டு எங்க மேல பழி போடறீங்களா, இந்த மாதிரி ஆளுகளை நான் மில்லுலயே பாத்துட்டுத்தான் வந்திருக்கறேன்னு சத்தம் போட்டேன். அவன் இன்னொரு மிஷின்ல அதே ஃபைலைப் போட்டு, ஸ்பீடைப் பாதிக்கும் கீழ இறக்கி ஓட விட்டான். எல்லாரும் நின்னு பாத்தோம். நீலம் முடிஞ்சுது. ஊசி அதே இடத்துல வழி மாறுச்சு.

வீட்டுக்கு வந்ததும் அவ தம்பிக்குப் போன் பண்ணினா. அக்கா, மாமா ராமை எவ்வளவு ஏத்தி வச்சிருக்கறாருன்னு பாருன்னு மட்டும் சொன்னானாம். அவன் சொன்ன சோதனையை ஓட விட்டா. நாள் பூராவெல்லாம் தேவைப்படலை. மொதப் பத்து நிமிசம் ஒண்ணும் வரலை, பாத்தியா நான் சொன்னேனல்லன்னேன். நாப்பதாவது நிமிசம் திரையில செவப்பா ஒரு வரி வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. ராம் தப்புப் பண்ணுதுன்னு அர்த்தமாம், மயில் ஃபைல்ல எண்ணு மாறினதும் அதனாலதானாம். நாற்காலியைத் திருப்பி என்னைப் பாத்து உக்காந்தா. அழுவாளுன்னு நினைச்சேன், அழலை.

"நம்பருக்காக நூலைக் கொன்னான்னு அந்த மேனேஜரை இத்தனை நாளாத் திட்டினீங்க. சோத்துல கை வைக்கறப்பெல்லாம் திட்டினீங்க. நானும் உம் கொட்டிக் கேட்டுக்கிட்டிருந்தேன். இனிமே என் முன்னால அவனைத் திட்டாதீங்க" அப்படின்னா.

நீங்களே சொல்லுங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? அது நூல் மிஷின், இது கம்ப்யூட்டர். அவன் கூலிக்காரப் பொண்ணுக வயித்துல அடிச்சவன். நான் யார் வயித்துல அடிச்சேன்? கோவத்துல பொம்பளைங்க எதை எதோட வேணும்னாலும் முடிச்சுப் போடுவாங்க. தப்பு என் பேர்லயும் கொஞ்சம் இருக்குதுன்னு எனக்கும் தெரியாம இல்லை. வோல்டேஜைச் சேத்து ஏத்தியிருக்கணும்.

மறுநாளே தனியாத் திருப்பூர் போனா. சம்பளம் வேண்டாம், உங்க கம்ப்யூட்டர்லயே உக்காந்து மயிலைத் திருப்பிப் பண்ணித் தர்றேன்னு கேட்டிருக்கறா. நாலு நாள்ல பண்ணிக் கொடுத்தாளாம். சுத்தமா ஓடுச்சாம். அந்தப் பாக்குக்காரனே முதலாளிகிட்டப் பேசி அவளை அங்கியே வேலைக்கு வச்சுக்கிட்டான். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்க, எல்லாம் சரியா இருந்தா நிரந்தரம். இன்னொரு தடவை ஊசி வழி மாறுச்சுன்னா கதவைச் சாத்திருவாங்க. பொண்ணுக தங்கற ஹாஸ்டல்ல ஒரு கட்டில் எடுத்துக்கிட்டா. இன்னைக்கோட இருபத்தி மூணு நாளாச்சு. தோசை ஊத்திப் பாத்தேன், கல்லுல இருந்து வரவே மாட்டேங்குது. கடைச் சோறு வாய்க்கு விளங்கலை. வீட்டுக்குள்ள போனாலே ஒரு கெட்ட வாடை. ஃபேன் மட்டும் இன்னும் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பி நிக்குது.

முந்தா நாள் போன் பண்ணினா. போனதுக்கப்புறம் அதுதான் மொத போனு. மூணு வருசமாப் பண்ணின டிசைன் எல்லாம் அதுலதான் இருக்குது, புது ஆர்டருக்கு அதுல இருந்து எடுத்து வேலை பண்ணணும், கொண்டாந்து கொடுங்கன்னா. நீயே வந்து எடுத்துக்கயேன்னேன். அதுக்கு அவ சொன்னா.

"வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படிக் கொண்டாங்க. ஒரு படி கூட ஏத்தி வைக்காம. இந்த ஒண்ணை மட்டும் செஞ்சீங்கன்னா, மாசக் கடைசியில வேலை நிரந்தரம் ஆனதும் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்."

வர்றேன்னு சொல்லியிருக்கறாளுங்க. அவ வாயால சொல்லிட்டா. அதனாலதான் டிக்கெட்டு, கோழி, எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு மடியில வச்சுக்கிட்டுப் போறேன்.

இது பல்லடமுங்களா? அப்ப இன்னும் அரை மணி நேரம். இந்தப் பஸ்ஸுல வர்ற வேர்வை நாத்தம் இருக்குதே, அப்பப்பா.

நேத்துக் காலையில உக்காந்து எல்லாத்தையும் இறக்கினேனுங்க. பிராசஸர், ராம், எல்லாம். அதிகமா அப்பின பேஸ்ட்டைத் துணியில வழிச்சு எடுத்தேன். தூசி தட்டி மூடியைப் பூட்டினேன். புதுசு மாதிரி ஆயிருச்சு. கடைசியா ஒரு தடவை பரீட்சை வச்சுப் பாத்தேன். ஏழாயிரத்து எண்ணூத்தி நாப்பது. அச்சுப் பிசகாம அதே பழைய மார்க். அதைப் பாத்ததும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. எட்டாயிரத்து அறுநூத்தி ஐம்பத்தஞ்சு வாங்கின மிஷினுங்க இது. மலையைத் தாண்டின மிஷின். இதை இப்படி மொட்டையடிச்சுக் கொண்டு போயி அந்தப் பாக்குக்காரன் முன்னாடி வைக்கறதான்னு இருந்துச்சு. சோறே இறங்கலை.

அதனால பிராசஸரைத் தொடலை. வோல்டேஜைத் தொடலை. ராம்ல மட்டும், ஒரே ஒரு படி. முன்ன வச்ச மாதிரி ரெண்டு இல்லைங்க, ஒண்ணுதான். அவளுக்கும் வேலை கொஞ்சம் வேகமா ஓடட்டுமேன்னுதான். பத்து நிமிசம் ஓட விட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் ஆகலை.